சோகை எரிந்த தை

தை 6, செவ்வாய்
விடிந்தும் பனி விலகவில்லை. பச்சைமலை இருக்கும் இடமே தெரியவில்லை. கரும்பு வெட்டு நேற்றோடு முடிந்தது. வயல் முழுக்கச் சோகை, முழங்கால் உயரம். காய்ந்த இலைதான், ஆனால் அதை எடுக்காமல், வெட்டிய கட்டையிலிருந்து துளிர்க்கும் மறுதாம்புக்குத் தண்ணீர் விட முடியாது.

இந்த வருஷம் கொளுத்த மாட்டேன் என்று மல்லிகாவிடம் சொல்லியிருக்கிறேன். எங்கள் மகள் தாரணிக்காக. ஒன்பது வயதுக்குள் எத்தனை முறை ஆஸ்பத்திரி.

சோகையைத் தூளாக்கும் மிஷினுக்குப் போன் செய்தேன். "மூணு நாள்ல வந்துடும்ணே."

தை 9, வெள்ளி
மிஷின் வரவில்லை. கிழக்கே யாரோ கொளுத்தியிருக்கிறார்கள். புகை பனியோடு சேர்ந்து தெருவிலேயே படுத்துக் கிடக்கிறது. கொடித்துணியெல்லாம் கரித்துகள்.

தாரணிக்கு இழுப்பு. உட்கார்ந்தபடியே தூங்கினாள். இன்ஹேலர் பஃப் இரண்டு முறை. ஜன்னலில் ஈரத்துணி.

"அப்பா, நம்ம வயலும் எரியுதா?"

"இல்லடா. நம்மது எரியாது."

மாட்டுத் தவிடு வாங்கணும். பஃப் இன்னொன்று வாங்கணும்.

தை 13, செவ்வாய்
எழுதக் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

காலையில் மிஷின்காரர் போன். பெல்ட் அறுந்துவிட்டது, இன்னும் ஒரு வாரம். கட்டைகள் காய ஆரம்பித்துவிட்டன. பக்கத்து வயல் ராசு அண்ணன் வரப்பில் நின்றார். "காத்தே இல்ல தம்பி. நேரா மேல போயிடும். பாப்பா ஸ்கூலுக்குத்தான போயிருக்கு? அது வர்றதுக்குள்ள அடங்கிடும்."

பள்ளிக்கூடம் வயலுக்கு அந்தப்பக்கம்தான், தென்னந்தோப்பு தாண்டி. அது எனக்குத் தெரியாதா?

பத்து மணிக்குக் கொளுத்தினேன். முதலில் நேராகத்தான் எழுந்தது. பிறகு தோப்புப் பக்கம் சாய்ந்தது. பச்சை மட்டையால் அடித்தேன், மோட்டார் போட்டேன். நிற்கவில்லை.

பதினொன்றரைக்கு டீச்சர் போன். "சார், தாரணிக்கு மூச்சு விட முடியல. ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டோம். துறையூர் ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க." துறையூரிலிருந்து திருச்சிக்கு அனுப்பினார்கள். வண்டியில் அவள் உதடு நீலமாக இருந்தது.

தை 15, வியாழன்
திருச்சி. ஆக்சிஜன் மாஸ்க் இன்று பாதி நேரம் கழற்றினார்கள். இரண்டு வாய் இட்லி சாப்பிட்டாள்.

டாக்டர்: "பொழைச்சுக்கிட்டா. ஆனா அறுவடை சீசன்ல அந்த ஊர்ல வச்சுக்காதீங்க. அடுத்த தடவை என்னால உறுதி சொல்ல முடியாது."

மல்லிகா என்னோடு பேசி இரண்டு நாள் ஆகிறது.

மத்தியானம் தாரணி கேட்டாள். "யாரும்மா கொளுத்துனது?"

மல்லிகா போர்வையைச் சரிசெய்துகொண்டே, "பக்கத்து வயல்ல, கண்ணு" என்றாள்.

வராந்தாவில் அவள் கையைப் பிடித்தேன். உருவிக்கொண்டாள். "உங்களுக்காகச் சொல்லல. அவளுக்கு ஒரு அப்பா வேணும்."

தை 22, வியாழன்
டிஸ்சார்ஜ். நேராக ஸ்ரீரங்கம், மல்லிகாவின் அண்ணன் வீடு. மாடிப் போர்ஷன். ஜன்னலைத் திறந்தால் கொள்ளிடக் காற்று.

கொண்டுபோய்க் கொடுத்தவை: துணிப்பை இரண்டு, நெபுலைசர், ஸ்கூல் பை, அவளுடைய சிவப்புப் போர்வை.

"சீசன் முடிஞ்சதும் வந்துடுவீங்கல்ல?" என்று கேட்டேன்.

"நீங்க வந்து பாத்துட்டுப் போங்க" என்றாள் மல்லிகா. "நாங்க அங்க வரல."

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் துறையூர் பஸ் இரண்டை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

மாசி 1, வெள்ளி
பள்ளிக்கூடத்தில் டி.சி. வாங்கினேன். கையெழுத்துப் போடும்போது டீச்சர் மெதுவாகச் சொன்னார்: "அன்னிக்கு என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'அப்பாவுக்குப் போன் பண்ணுங்க'ன்னுதான் சார் சொல்லிட்டே இருந்தா."

வயலுக்குப் போனேன். மறுதாம்பு நன்றாகத் துளிர்த்திருக்கிறது. பார்க்கப் பிடிக்கவில்லை.

சோறு வைத்தேன். சாப்பிடவில்லை.

மாசி 3, ஞாயிறு
ஸ்ரீரங்கம். வெயில். அம்மா மண்டபம் படித்துறைக்குக் கூட்டிப்போனேன். மல்லிகா மேல்படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். தாரணி கன்னம் உப்பியிருக்கிறது. புது ஸ்கூல், புது சிநேகிதி, எல்லாம் சொன்னாள்.

பிறகு, "அப்பா, அந்தப் பக்கத்து வயல்காரர்கிட்ட நீ போய்ச் சொல்லு. இனிமே கொளுத்தக் கூடாதுன்னு. அவர் சரின்னு சொல்லிட்டா நான் வந்துடறேன்."

ராசு அண்ணன்மேல் அவள் கோபமாக இருக்கிறாள். என்னால் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"அவர் இல்லடா. நான்தான் கொளுத்தினேன்."

தண்ணீரையே பார்த்தாள்.

"நான் ஸ்கூல்ல இருக்கேன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

என் கையிலிருந்து விரலை எடுத்துக்கொண்டாள். எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டு மல்லிகாவிடம் போனாள். அத்தனை படியும் ஒரே மூச்சில் ஏறினாள்.