தோல் தவளையை விழுங்கிய விரால்

என் பிரியமுள்ள மாப்பிள்ளை காசிமுக்கு,

நீ போய் நாற்பது நாள் கழிந்துவிட்டது. திண்டுக்கல்லில் வெயில் உன்னோடு கிளம்பிப் போகவில்லை. பாறை இன்னும் கொதிக்கிறது. எங்கள் மாதா கோயிலில் இப்போது பூசையைத் தமிழிலேயே வைக்கிறார்கள். வெள்ளிக்கிழமை கறி சாப்பிட்டால் பாவமில்லை என்றும் சொல்லிவிட்டார்கள். இதைக் கேட்டால் நீ எப்படிச் சிரிப்பாய்!

ஓதி அறுக்காததால் எங்கள் வீட்டுக் கறி உனக்கு ஆகாது. வெள்ளிக்கிழமையில் உன் வீட்டுக் கறி அப்போது எனக்கு ஆகாது. மீன் ஒன்றுதான் இருவருக்கும் பொது. அதற்காகவே, நமக்குக் கல்யாணமாகாத அந்தக் காலத்தில், கோடை முழுக்க, வெள்ளிதோறும் வெயில் தாழ, தெற்குக் குளத்துக்குச் சைக்கிளை மிதித்தோம்.

தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்த நீ, கழிவுத் துண்டில் தவளை தைத்து, உள்ளே தக்கை வைத்து, பின்னால் இரண்டு தூண்டில் முள் கட்டினாய். அல்லி இலைகளுக்கு நடுவே அது தத்தித் தத்திப் போனால் நிஜத் தவளையே ஏமாந்துபோகும். விரால் மேலே வந்து அடிக்கும் சத்தம் கேட்டதும் நான் பதறி இழுத்துவிடுவேன்.

"ஏலே வாத்தியாரே, நான் பிஸ்மி சொல்லி முடிச்சுத்தான் இழுக்கேன். நீ பாதி மங்கள வார்த்தையாவது சொல்லிட்டுச் சுண்டு!" என்பாய். அந்த மாதா செபத்தின் முதல் சொல் முடியுமுன்னே என் கை இழுத்துவிடும்.

அந்த வெள்ளிக்கிழமை உனக்கு வேலை முடியவில்லை. தவளையை என்னிடம் கொடுத்து முன்னால் அனுப்பினாய். தண்ணீர் லேசாகச் சலசலத்தது. விரால்கூட இல்லை, ஏதோ கெண்டைப்பொடி. நான் வெடுக்கென்று இழுத்தேன். தவளை பறந்து போய்த் தண்ணீருக்குள் நின்ற கருவேல மரத்தில் மாட்டியது. மறுபடி இழுத்ததில் நூல் அறுந்து, தவளை எங்கோ விழுந்து தொலைந்தது.

நாலு நாள் உட்கார்ந்து நீ தைத்த தவளை. நீ வந்து சேர்ந்ததும் வாயில் வந்ததைச் சொன்னேன்: "பெரிய விரால், மாப்ள. நூலோட கொண்டுபோயிருச்சு."

திட்டுவாய் என்று பார்த்தால் உன் முகம் மலர்ந்துவிட்டது. "எம்புட்டு பெருசு?"

நான் கையை விரித்தேன். கொஞ்சம் அதிகமாகவே விரித்துவிட்டேன்.

அந்தச் சமயம் உன் மாமா மெட்ராஸில் தோல் மண்டிக்கு உன்னைக் கூப்பிட்டிருந்தார். 'அந்த விராலைப் பிடித்துவிட்டுத்தான் ரயில் ஏறுவேன்' என்று கடுதாசி போட்டாயே, கிறுக்கா! புதுத் தவளை தைத்தாய். குளம் வற்றி, ஊரே இறங்கி மீன் அள்ளியபோதும் அந்த விராலைக் காணோம். "சேத்துக்குள்ள பதுங்கியிருக்கு, மழைக்கு வரும்" என்றாய். மாமா வேறு ஆளை வைத்துக்கொண்டார்.

குளம் வற்றிய அன்றாவது நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நீ ஊரை விட்டுப் போகக்கூடாது என்று எனக்கு ஆசை. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோதுகூட இதை நான் சொன்னதில்லை.

உனக்காக ஓதிய நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி ஆயிஷா உனக்காக நாலு மாதம் பத்து நாள் இத்தா இருப்பதால் திரைக்குப் பின்னாலிருந்து பேசினாள்.

"அந்த மீனு மட்டும் சிக்கியிருந்தா இவுக மெட்ராசுக்குப் போயிருப்பாகண்ணே. என்னைய எங்க கட்டியிருக்கப் போறாக? அது எங்கிருந்தாலும் நல்லா இருக்கட்டும். ஆமா, நெசமாவே அம்புட்டு பெருசா?"

"பெருசுதாம்மா" என்றேன். வெளியே வந்து சைக்கிளைப் பிடித்தபடி செத்த நேரம் அழுதேன்.

மெட்ராஸில் இருந்திருந்தால் உன் நெஞ்சுவலிக்குப் பெரிய வைத்தியம் கிடைத்திருக்குமோ? இன்னும் பத்து வருஷம் இருந்திருப்பாயோ? இல்லை, என் பொய்யால்தான் உனக்கு ஆயிஷாவும் பிள்ளைகளும் கிடைத்தார்களா? யாரிடம் கேட்பேன், காசிம்?

உன்னிடம் உயிரோடு இருக்கும்போது சொல்லத் துணியவில்லை. இத்தா முடிந்ததும் இந்தக் கடிதத்தை ஆயிஷாவிடம் நானே வாசித்துக் காட்டுவேன். அதற்குப் பிறகுதான் இதை ஒரு பத்திரிகைக்கு அச்சுக்குக் கொடுப்பேன். அவள் என்ன சொன்னாலும் தலைகுனிந்து கேட்டுக்கொள்வேன். இது சத்தியம்.

அதுவரைக்கும் ஆயிஷாவுக்கு அண்ணன்,
எப்போதும் உனக்கு மச்சான்,
ஆரோக்கியம்