கூட்டத்துக்கு எதிராக ஓடி வந்த மதினிக்கு

என் பிரியத்துக்குரிய மதினி,

அங்கேயாவது நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? இங்கே எல்லோரும் நலம் என்று எழுதினால் நம்பமாட்டீர்கள். அதனால் உள்ளதைச் சொல்கிறேன். அண்ணனுக்குச் சர்க்கரை வந்துவிட்டது. டாக்டர் இனிப்பை நிறுத்தச் சொன்னதும் காராச்சேவுக்கு மாறி, இரத்த அழுத்தத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டார். நான் அதே பிரஸ்ஸில் அதே ஸ்டூலில் உட்கார்ந்து வெடி லேபிள் அடுக்குகிறேன். ஸ்டூல்தான் பாவம், முன்னைப் போல இல்லை. உங்கள் மகள் கனி பி.காம் முடித்து ஆடிட்டர் ஆபீசில் கம்ப்யூட்டர் தட்டுகிறாள். வெடிக் கம்பெனி வாசலை அவள் மிதிக்கக்கூடாது என்று சொன்னீர்களே, மிதிக்கவில்லை.

போன வாரம் பிரஸ்ஸுக்கு ஒரு போஸ்டர் வந்தது. பார்த்ததும் கை நின்றுவிட்டது. அதே சீனத்துப் புத்த பிக்குகள், மதினி! மொட்டைத் தலை, காவி உடுப்பு, ஒரு கால் தரையில், இன்னொரு கால் காதோரம். ஊர் ஊராக மேடையில் குங்ஃபூ செய்து காட்டுகிறவர்கள், மறுபடியும் மதுரைக்கு வருகிறார்களாம். உடனே உங்களிடம் சொல்ல வேண்டும் என்று பர்மிஷன் போட்டுவிட்டுக் கிளம்பினேன். நீங்கள் போய் நான்கு வருஷம் ஆகிறது என்பது செருப்பை மாட்டும்போதுதான் உறைத்தது. அங்கே உங்களுக்கும் இப்படி மறந்து போகுமா? என்னிடம் ஏதோ சொல்ல வேண்டும் என்று எப்போதாவது எழுந்து நிற்பீர்களா?

போன தடவை அவர்கள் சிவகாசிக்கே வந்தது நினைவிருக்கும். உங்கள் வெடிக் கம்பெனி முதலாளி மிஷின் பார்க்கச் சீனாவுக்குப் போய், மிஷினை விட்டுவிட்டு பிக்குகளிடம் மயங்கித் திரும்பியவர். மதுரைக்கு வந்த குழுவை ஒரு சாயங்காலம் இங்கே இழுத்து வந்துவிட்டார். தீபாவளி முடிந்து கம்பெனி பூட்டியிருந்த நாட்கள். கல்யாண மண்டபத்தில் மேடை, தொழிலாளர்களுக்கு இலவச பாஸ். போஸ்டர் எங்கள் பிரஸ் வேலைதான், அதனால் எங்களுக்கும் பாஸ். மஞ்சள் மை கூடிப்போய், பிக்குகள் அத்தனை பேரும் மஞ்சள் காமாலைக்கு மருந்து சாப்பிட வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள்.

அன்றைக்கு நீங்கள் என்னோடு பேசி எட்டு மாதம் ஆகியிருந்தது. காரணம் உங்களுக்கும் எனக்கும் தெரியும். இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியாது. சொல்லிவிடுகிறேன்.

விருதுநகரில் என் கொழுந்தன் கல்யாணம். பந்திக்கு ஆள் பற்றவில்லை என்று நீங்களாகவே சேலையை இழுத்துச் செருகி, சாம்பார் வாளியைத் தூக்கினீர்கள். வெடி மருந்தில் கலக்கிற, எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் போகாத அலுமினியப் பவுடர் உங்கள் நக இடுக்கிலும் விரல் ரேகையிலும் மின்னியது. மளிகைக் கடை வைத்திருக்கிற என் மாமியார் வீட்டுக்காரர்கள் அந்தக் கையையே பார்த்தார்கள். அவர்கள் வாய் திறப்பதற்குள் நான் திறந்தேன்.

"எங்க மதினி ஊத்துனா வாழ இல வெள்ளித் தட்டா மாறிரும், பாத்துச் சாப்பிடுங்க! பக்கத்துல யாரும் பீடியப் பத்த வச்சிராதீக!"

பந்தியே குலுங்கிச் சிரித்தது. என் மாமியார் என்னைப் பார்த்து முதன்முதலில் சிரித்தது அன்றைக்குத்தான். அந்தச் சிரிப்புக்கு என்னிடம் கைவசம் இருந்தது நீங்கள்தான். உங்களை எடுத்துக் கொடுத்துவிட்டேன். நீங்கள் வாளியை மெதுவாகக் கீழே வைத்து, கையை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு போனீர்கள்.

எனவே அந்த மண்டபத்தில் நான் முன் வரிசை, நீங்கள் கம்பெனியில் ஒரே ரூமில் மருந்து வேலை பார்க்கிற பெண்களோடு கடைசி வரிசை, வாசலோரம். ஒரு பிக்கு ஈட்டி முனையில் வயிற்றை வைத்துப் படுத்தார். இன்னொருவர் தன் தலையிலேயே செங்கலை உடைத்தார். என் பக்கத்தில் இருந்த பிரஸ்காரி, "இவுக சாமியாரா சண்டியரா? செங்கலு நம்மூருச் செங்கலா இருக்கும், அதான் ஒடையுது" என்றாள். நான் அதற்குச் சிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் மேடையில் 'டமார்' என்று ஒரு சத்தம். ஒரே புகை.

ஆட்டத்தில் அதுவும் ஒன்று என்று நினைத்து நான் பலமாகக் கை தட்டினேன். என் கைதட்டல் மட்டும் தனியாகக் கேட்டது. திரும்பிப் பார்த்தால் மண்டபத்தில் பாதிக்கு மேல் காலி! மிச்சப் பேரும் வாசலில் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். எதிர்பாராத சத்தம் கேட்டால் ஓடு, திரும்பிப் பார்க்காதே என்பதுதானே வெடிக் கம்பெனியில் முதல் நாள் சொல்லிக் கொடுப்பது? மேடையில் ஒரு பிக்கு தூக்கின காலை இறக்கவும் தோன்றாமல், ஓடுகிற ஊரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தக் கூட்டத்துக்கு எதிராக, முழங்கையால் இடித்துக்கொண்டு, ஒரு நீலச் சேலை என்னைப் பார்த்து ஓடி வந்தது. வாசலோரம் இருந்தவர் நீங்கள். முதல் ஆளாக வெளியே போயிருக்க வேண்டியவர்.

"ஏ கூறுகெட்டவளே! கையா தட்டிக்கிட்டு இருக்க? எந்திரிச்சு ஓடுடி!"

எட்டு மாதத்துக்குப் பிறகு நீங்கள் என்னிடம் பேசின முதல் பேச்சு அது. என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்த இழுப்பில் நாலு வளையல் உடைந்தது.

வெளியே ரோட்டுக்கு அந்தப் பக்கம், எல்லோரும் ரூம் வாரியாக நின்றிருந்தார்கள்! ஃபோர்மேன் தலை எண்ணிக்கொண்டிருந்தார்.

"நாலாம் ரூமு ஆளு எல்லாம் வந்தாச்சா?"

"மூணு பேருதாண்ணே இருக்கோம். முத்துமாரி உள்ள போயிட்டா!"

அதற்குள் நீங்கள் என்னை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தீர்கள். ஃபோர்மேனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஏம்மா, இத்தன வருசமா என்ன படிச்ச? கம்பெனில வெடிச்சா இப்பிடித்தான் திரும்பிப் போவியா?"

"கம்பெனி ஆளுன்னா போவமாட்டேண்ணே" என்றீர்கள் மூச்சு வாங்க. "இது நாத்தனாருல்ல."

ஒரு பெரியவர் காற்றை மோந்து பார்த்து, "சத்தம் அம்புட்டு எடுப்பா இல்லையே, மருந்து மட்டம்" என்று தீர்ப்புச் சொன்னார். முதலாளி வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "ஏப்பா, அது மேடைக்குப் போடுற புகைப்பா! நம்ம சரக்குகூட இல்ல! மானத்த வாங்காம உள்ள வாங்க!" எல்லோரும் அசடு வழிந்துகொண்டு திரும்பிப் போனோம். நீங்கள் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். ஆட்டம் முடிகிறவரை என் மணிக்கட்டை விடவில்லை. மிச்ச ஆட்டத்தில் என்ன செய்தார்கள் என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குத் தெரியாது.

முடிந்ததும் மூத்த பிக்கு கீழே இறங்கி வந்தார். கொதிக்கிற மணலில் குத்திக் குத்திப் பழகிய கைகளாம், கூட வந்தவர் சொன்னார். சாம்பல் நிறம், வெடிப்பு வெடிப்பாக, நகமெல்லாம் கறுத்து. நம் ஆட்கள் வரிசையில் நின்று அந்தக் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். விருதுநகரிலிருந்து வேடிக்கை பார்க்க வந்திருந்த என் மாமியாரும் நின்றார். நீங்கள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, மெதுவாகச் சொன்னீர்கள்:

"அவுக கையப் பாத்து ஒருத்தரும் சிரிக்கல, பாத்தியா?"

மதினி, அந்த நேரம் மன்னிப்பு என் தொண்டை வரை வந்துவிட்டது. சத்தியமாக வந்தது. ஆனால் வாய் என்ன சொன்னது தெரியுமா? "அவுக சாமியாருல்லா மதினி. அவுகளுக்கு நாத்தனாரு கெடையாது."

நீங்கள் சிரித்துவிட்டீர்கள். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தீர்கள். அது என்னை மன்னித்த சிரிப்பா? அல்லது, இவள் திருந்தமாட்டாள் என்று விட்டுவிட்ட சிரிப்பா? அன்றைக்கே கேட்டிருக்கலாம். எண்ணெய் பரோட்டா சாப்பிடப் போய்விட்டோம்.

அதற்குப் பிறகு பேச்சும் கேலியும் பழையபடி ஆகிவிட்டது. ஆனால் நீங்கள் எந்த வீட்டுப் பந்தியிலும் மறுபடி வாளியைத் தூக்கவில்லை. காதுகுத்தோ பால்காய்ப்போ, பின்கட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தீர்கள், அண்டா கழுவினீர்கள். நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்தேன். வெடிக்குப் பயந்து பயந்து வாழ்ந்த நீங்கள், கடைசியில் மூன்று நாள் காய்ச்சலில் போனீர்கள். ஆஸ்பத்திரியிலும் நான் வேடிக்கைதான் பேசினேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் கனி கேட்டாள்: "அத்தே, எங்கம்மா ஏன் பந்திப் பக்கமே வரமாட்டாக? எப்பவும் பின்னாடியே இருப்பாகளே?" நான் சொன்னேன்: "உங்கம்மா கைக்கு அளவு கெடையாது. அவுக பரிமாறுனா கடேசிப் பந்திக்குச் சோறு இருக்காதுன்னு நாங்கதான் விடல." சிரித்தாள். அப்படியே உங்கள் சிரிப்பு, நெற்றிச் சுருக்கத்தோடு. இந்த ஊரில் அந்தச் சிரிப்பு இப்போது அவளிடம் மட்டும்தான் இருக்கிறது. அதைப் பார்ப்பதற்காகவே வாரம் இரண்டு தடவை ஏதாவது சாக்கு வைத்து அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். தன் அம்மாவுக்கு என்னைவிட நெருக்கமான ஆள் கிடையாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். உண்மையைச் சொன்னால் அந்த முகம் என் பக்கம் திரும்பாமல் போய்விடுமோ என்றுதான் பயம். எனக்குப் பிள்ளையும் இல்லை.

ஆனாலும் நாலு பேர் முன்னால் செய்ததற்குத் தனியாக அழுவது நியாயமில்லை. அதனால்தான் இதை நாலு பேர் படிக்கிற இடத்துக்குக் கொடுக்கிறேன். என்னை மன்னித்துவிடுங்கள், மதினி.

இது அச்சாகி அவள் கைக்குப் போவதற்குள் என் வாயால் அவளிடம் சொல்லியாக வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை பிக்குகளைப் பார்க்க அவளை மதுரைக்குக் கூட்டிப் போகிறேன். பஸ்ஸிலேயே சொல்லிவிடுவேன். நடுவில் ஏதாவது வேடிக்கை நாக்கு நுனிக்கு வரும், எனக்கே தெரியும். கடித்து விழுங்கிவிடுவேன். அவள் எழுந்து வேறு சீட்டுக்குப் போனால் போகட்டும். ஒரு இடத்தில்கூட அவள் சிரித்துவிடாதபடி சொல்லி முடிப்பேன். இது உங்கள் மேல் சத்தியம்.

இப்படிக்கு,
உங்கள் தாலிக்கு மூன்றாம் முடிச்சுப் போட்ட நாத்தனார்,
சொர்ணம்