வாசலில் நுழையாத டிராக்டர்

என் வாயாடிக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா மாத்திரையைத் துப்பாமல் விழுங்குகிறாளா?

இந்தப் பழத்தோட்டம் முழுக்கச் சரிவு. போன வாரம் குறுக்கே ஓட்டும்போது டிராக்டரின் மேல்பக்கச் சக்கரம் லேசாக எழுந்து, பிறகு தானே உட்கார்ந்துகொண்டது. பயப்படாதே, நான் பதறிக் குதித்ததில் ஒரு செருப்புதான் காணாமல் போனது.

மெக்கானிக் வந்து, "பின்சக்கரத்த அகலமா வச்சா சாயாதுப்பா" என்றார். இருவருமாகக் கழற்றி, வலதை இடப்பக்கமும் இடதை வலப்பக்கமும் மாற்றி மாட்டினோம். சக்கரங்கள் அரைச் சாண் வெளியே தள்ளி நின்றன. இப்போது சரிவில் ஆடாமல் போகிறது. ஆனால் சாயங்காலம் கொட்டகை வாசலில் நுழையவில்லை.

"வாசல அளந்தியா?" என்றார்.

"நீங்க அளந்திருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றேன்.

அதனால் டிராக்டர் என் ஜன்னலுக்கு வெளியே நிற்கிறது. காலையில் எழுந்ததும் அதனிடம்தான் முதல் பேச்சு. பனியில் சீட்டு நனைந்துவிடுகிறது. துடைக்க உன் பழைய பருத்திப் புடவை ஒன்று அனுப்பு.

வண்டியை எடுக்கச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன். அந்தப் புடவையைத் துவைக்காதே. துடைக்கத்தானே, நீ கட்டி அவிழ்த்தபடியே மடித்து அனுப்பு.

உன் வீட்டுக்காரன்