கவர் போட்டு மூடிய கார்

வியாழக்கிழமை இரவு.

என் காரை விலை பேச, சாயங்காலம் பண்ருட்டியிலிருந்து கார் புரோக்கர் வந்திருந்தார். ஏழு வருஷமாக ஒரு நாள் விடாமல் நான் கவர் போட்டு மூடிவைத்த கார். குவார்ட்டர்ஸுக்கும் மைன்ஸுக்கும் போய்வந்ததைத் தவிர வேறு ஓட்டமே இல்லை. அவர் மீட்டரைப் பார்க்கவே இல்லை. பானெட்டை விரலால் தடவினார்.

"சாம்பலத் தட்டாம அது மேலயே கவரை இழுத்துக்கினு இருந்தீங்களா சார்? உப்புத்தாள் போட்டுத் தேய்ச்ச மாதிரி இருக்குதுங்க. முழுசா பெயின்ட் அடிக்கணும்."

அனல்மின் நிலையத்துச் சாம்பல் விழுகிற ஊர் என்றுதானே அந்தக் கவரையே வாங்கித் தொலைத்தேன்! அவர் சொன்ன விலைக்கு ஒரு நல்ல பைக் கூட வராது. நான் கத்தக் கத்த, அவர் எதிர்வீட்டுச் செல்வத்தின் காரையே பார்த்துக்கொண்டிருந்தார். வாங்கின நாளிலிருந்து வெட்டவெளியில் கிடந்து, மழையிலேயே குளிக்கிற கார். "வண்டிய இப்படியா போட்டு வைப்பீங்க?" என்று செல்வத்தை எத்தனை முறை கடிந்திருக்கிறேன்!

"அந்த வண்டியக் குடுப்பாங்களா, கேட்டுச் சொல்றீங்களா சார்?" என்றார் புரோக்கர்.

சோறு இறங்கவில்லை. "இன்னைக்குக் கவர் போடலையா?" என்று கேட்ட என் மனைவி மாலதியின் மேல் எரிந்து விழுந்தேன். படுத்தால் தூக்கமும் வரவில்லை. இப்போதுதான் எழுந்து போய்க் காரை மூடிவிட்டு வந்தேன், சாம்பலைத் தட்டாமலே.