கெத்தரின் அக்காவின் இலவச பஸ்

ஜூலை 6, ஞாயிறு

மாதா கோயில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால் கெத்தரின் அக்காவின் வாட்ஸ்அப். மகள் புது ஸ்கூட்டியில் உட்கார்ந்திருக்கிறாள். போன வாரம் டைல்ஸ் போட்ட குளியலறை. கோயம்புத்தூர்ப் பக்கம் பெண்களுக்கு பஸ் இலவசமாம், ரேஷன் அரிசியும் சும்மாவாம். இங்கே இலங்கையில் நானோ காசு கொடுத்து இரத்தோட்டை பஸ்ஸில் தொங்கிப் போய் வருகிறேன்.

அக்காவின் அப்பா, என் பெரியப்பா, குடும்பத்தோடு கப்பலேறி இந்தியா போனபோது எனக்கும் அக்காவுக்கும் ஆறேழு வயது. அப்பாவும் போயிருக்கலாம். "நான் போகல"ன்னுட்டாராம். ஏனப்பா? வயிறு எரிகிறது. எழுதினால்தான் கொஞ்சம் அடங்கும்.

ஜூலை 19

இன்றும் பஸ் இல்லை. மழையில் நடந்தேன். காலில் இரண்டு அட்டை கடித்திருக்கிறது.

ஆகஸ்ட் 9

அக்கா மாதா திருநாளுக்கு வருகிறாள், போன பிறகு முதல் தடவையாக. துஷாந்தினியை அவளோடு அனுப்பிவிட வேண்டும். என் மகள் அக்கா வீட்டில் தங்கி நர்சிங் படிக்கட்டும். பொறாமைப்படுகிற வாயாலேயே கெஞ்சப் போகிறேன், என்ன செய்ய?

பக்கத்து வீட்டு அழகையா அண்ணனின் சோபாவை இரவல் வாங்கி முன்னறையில் போட்டாயிற்று. என் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு. "கால் நீட்ட எடமில்ல, யாருக்குடி இந்த வேஷம்?" சிரிக்கட்டும்.

ஆகஸ்ட் 13

அக்கா நேற்று வந்தாள். இன்று கேட்டேன்.

"வேணாம் லூசி. பிள்ள இங்கயே படிக்கட்டும்."

அவ்வளவுதான். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

ஏன்? அவ மக மட்டும் ஆபீசு போகணும், ஸ்கூட்டி ஓட்டணும், எம் மக இங்க தேயிலத் தோட்டத்துல கொழுந்து எடுக்கணுமா? நாங்களும் மேல வந்துருவோம்னு பயம் — வேறென்ன? சோபாவை நாளைக்கே திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

ஆகஸ்ட் 15

திருநாள். மாதா தேர் சுற்றி வந்ததும் கோயில் வளவில் பாய் விரித்துச் சாப்பாடு. அக்காவோடு நான் சரியாகப் பேசவில்லை. எல்லோரும் உட்கார்ந்த பிறகும் அவள் சுவரோரமாக நின்றாள். கூப்பிட்டேன். பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்:

"நம்ம ஆளுங்க பந்தி எது?"

"பொம்பளைங்க எங்கயும் உட்காரலாம்க்கா."

"அதில்லடி. நம்ம சாதிக்கு."

நான் பாயிலிருந்து எழுந்தேன். அக்காதான் தொடர்ந்தாள்:

"எங்க ஊர்க் கோயில்ல எங்களுக்குத் தனிப் பக்கம். செத்தாலும் தனிக் கல்லறை. எம் மக ஆபீசுல எந்தத் தெருன்னே சொல்றதில்ல. உன் பிள்ளைக்கு அது எதுக்கு லூசி?"

இங்கே சாதி இல்லை என்று சொல்ல மாட்டேன். கல்யாணப் பேச்சு எடுத்தால் முதல் ஆளாக வந்து உட்காரும். ஆனால் பந்தியில் யாரும் என் சாதியைக் கேட்டதில்லை. கையைப் பிடித்து இழுத்து நடுவில் உட்கார வைத்தேன். கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டாள். பருப்பில் உப்பு அதிகம். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

துஷாந்தினி கண்டி ஆஸ்பத்திரி நர்சிங் பயிற்சிக்கு விண்ணப்பிக்கிறாளாம். சரி என்றேன். அந்த இலவச பஸ் மேல் எனக்கு இன்னும் பொறாமைதான், மறைப்பானேன்.

அக்கா ஊர் போய்ச் சேர்ந்துவிட்டாள். இந்த முறை படம் எதுவும் அனுப்பவில்லை, கேட்டிருக்கிறாள். பந்தியில் நாங்கள் ஒன்றாகச் சாப்பிட்டபோது எடுத்த படம் ஏதாவது இருக்கிறதா என்று. "மகளுக்குக் காட்டணும்."

கலங்கலாக ஒன்றுதான் இருந்தது. அனுப்பினேன். இத்தனை வருஷத்தில் நான் அவளுக்கு அனுப்பிய முதல் படம்.