காக்கா விரட்ட ஆள் வேண்டும்

அன்புத் தங்கச்சிக்கு,

போனில் சொன்னால் நீ அழுதுவிடுவாய், நானும் சொல்ல வந்ததை விட்டுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். சனிக்கிழமை பிள்ளைகள் இரண்டு பேரையும் சீவலப்பேரி பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வா.

"வேண்டாங்கா, பிள்ளையளப் பாத்தா ஒனக்கு இசக்கி நெனப்பு வரும்" என்கிறாய். வராமல் போனால் அல்லவா நான் பயப்பட வேண்டும்? மார்கழிக் காய்ச்சலில் என் மகள் போனதிலிருந்து இந்த வீட்டில் சத்தமே இல்லை.

நேற்று உன் மகன் உனக்குத் தெரியாமல் போன் போட்டான். "பெரிம்மா, வண்ணார்பேட்டையில சும்மாவே கெடக்கோம். கூழ்வத்தல் எப்பம் போடுதிய?"

"நீ பாதிக் கூழக் குடிச்சிருவியேலே."

"இந்த வருசம் காவாசிதான் குடிப்பேன்."

துக்க வீட்டில் வருஷம் திரும்பாமல் வத்தல் போடக் கூடாது என்கிறார்கள் என் மாமியார். "பிள்ளையதான் பிழியப் போகுதுவ, நான் இல்ல அத்தே" என்று சொல்லிவிட்டேன். அரிசியும் அரைத்தாயிற்று. ஞாயிறு காலையில் கூழ் கிண்டுவேன்.

மொட்டைமாடியில் பழைய வேட்டியை விரித்துத் தருகிறேன், உன் மகன் பிழியட்டும். போன வருஷம் வரை காக்கா விரட்டுவது இசக்கியின் வேலை. கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு மகாராணி மாதிரி உட்கார்ந்திருப்பாள். உன் நித்யா எவ்வளவு கெஞ்சினாலும் குடையைக் கொடுக்க மாட்டாள்.

குடை ஆணியில்தான் தொங்குகிறது. கம்பிக்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். விரித்துப் பார்க்கவில்லை. அதை நித்யா வந்து விரிக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா