சஹனில் சுசி

1982 ஆகஸ்ட் 3, செவ்வாய்

கச்சான் காற்று. காயப்போட்ட துணியெல்லாம் மண். தைக்க வேண்டியவை: டீச்சருக்கு இரண்டு சட்டை, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பாவாடை. கை ஓடவில்லை.

இவர் சவூதியிலிருந்து வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. இன்னும் வீட்டுக்கு வந்து சேரவில்லை. இருந்தால் எழும்புகிறார். எழும்பினால் வாசல், வாசலிலிருந்து கடற்கரை. என் வாப்பாவும் எங்கள் மகள் ரிஸானாவும் பெரிய சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிட, இவர் மட்டும் சுவரோரமாகத் தனித் தட்டு, கரண்டி. விருந்தாளி மாதிரி.

"கேம்ப்ல பழகிப் பெய்த்து புள்ள."

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இருப்பாரா, திரும்பப் போவாரா? கேட்டால் "பாப்பம்." நேற்றும் பாப்பம், இன்றும் பாப்பம். சூட்கேஸ் கட்டிலுக்குக் கீழே பாதி பிரித்தபடி.

அஸர் தொழுதுவிட்டு வந்து சொன்னார்: வேலை செய்த கேம்பில் ஜப்பான் கம்பனிக்காரர்களுக்குச் சமைத்த சாப்பாடு ஒன்றை எங்களுக்குச் செய்து தரப்போகிறாராம். பெயர் சுசி. சோற்றுக்குள் பச்சை மீனை வைத்துச் சுருட்டுவது. கேம்பை விட்டு யாராவது பயணம் போனால் இதுதான் விருந்தாம். சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் உள்ளுக்குள் ஒரு சந்தோசம். போகிற மனிசன் எதற்கு அடுப்படிக்குள் வரவேண்டும்?

ஆகஸ்ட் 4, புதன்

இவர் கேட்டதும் நம்மிடம் உள்ளதும்:

தாள் மாதிரிக் கடற்பாசி. கிடைக்காது. வேலியில் பசளிக் கீரை இருக்கிறது, இலை அகலம்.
ஒட்டுகிற அரிசி. பிட்டுக்கு வைத்த பச்சையரிசிதான்.
சுருட்ட மூங்கில் பாய். பழைய பன்பாயில் நல்ல துண்டாக வெட்டி வெந்நீரில் போட்டாயிற்று.
சோற்றுக்குப் புளிப்பூட்ட வினாகிரி. இதில்தான் வழக்கு.

உம்மா மருமகனோடு நேரே கதைப்பதில்லை. நான்தான் தபால்.

"கள்ளில காச்சின வினாகிரியா எண்டு கேளுகா."

கேட்டேன்.

"தேசிக்காப்புளி போதும் எண்டு சொல்லு."

சொன்னேன். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கதவுதான்.

ஆக, வாங்க வேண்டியது மீன் மட்டும். அதுவே பெரிய விசயம். வாப்பாவின் வேளாண்மை வெட்டும்வரை கையிறுக்கம். இவர் கொண்டுவந்ததெல்லாம் இவர் தங்கச்சிக்குச் சீதனமாகக் கட்டுகிற வீட்டுக்குப் போய்விட்டது. அங்கேயும் கூரை பாதியில் நிற்கிறது.

ஆகஸ்ட் 5, வியாழன்

சோறு வெள்ளோட்டம். முதல் தரம் கஞ்சி. கோழிக்குப் போட்டேன். இரண்டாம் தரம் சரி. இவர் தேசிக்காய், சீனி, உப்புக் கலந்து விசிறினார். விசிற எடுத்தது ரிஸானாவின் கணக்குக் கொப்பி. அவள் அழுதாள். பிறகு அவளே விசிறினாள்.

உம்மா எட்டிப் பார்த்து, "பாச்சோறா?"

சட்டை இன்னும் வெட்டவே இல்லை. டீச்சர் ஆளனுப்பிவிட்டா.

ஆகஸ்ட் 6, வெள்ளி

விடியக் கரைவலை இழுக்கிற இடத்துக்குப் போனார். அறுக்குளா மீனுக்கு விலை கேட்டுவிட்டு, மலிவான சூரையோடு வந்தார்.

சூட்கேஸிலிருந்து துவாயில் சுற்றிய கத்தி ஒன்று வெளியே வந்தது. நீளம், ஒடுக்கம். கேம்பில் பெரிய சமையற்காரர் கொடுத்ததாம். மீனை வெட்டும்போது இவர் முகத்தைப் பார்த்தேன். வந்த நாளிலிருந்து அப்படி அமைதியாகப் பார்த்ததே இல்லை.

"பச்சையாவா? நாம என்ன பூனையா எண்டு கேளு."

இந்தத் தபாலை நான் கொடுக்கவில்லை. இவருக்கே கேட்டுவிட்டது. "பாதியப் பொரிக்கச் சொல்லு மாமிய."

ஜும்ஆ முடிந்தது. அவித்த பசளி இலை சுற்றிய உருளைகளை வெட்டி, சஹனில் வட்டமாக அடுக்கினார். பச்சை, வெள்ளை, நடுவில் சூரையின் சிவப்பு, பொரித்ததில் மண்ணிறம். கைவைக்க மனம் வராத அழகு. கை கழுவக் கிணற்றடிக்குப் போனார்.

அதற்குள் எல்லாம் நடந்துவிட்டது. வாப்பா காலையில் வயலுக்குப் போய், ஜும்ஆவும் தொழுது வந்த பசி. உம்மா வழக்கம்போலப் புளியாணக் குழம்புச் சட்டியை நீட்டிவிட்டா. வாப்பா பிஸ்மில்லாஹ் சொன்னார், ஆணத்தைச் சுற்றிவர ஊற்றினார், ஐந்து விரலையும் விட்டுப் பிசைந்தார். பேத்தி பக்கம் ஒரு பங்கு, மருமகன் பக்கம் ஒரு பங்கு ஒதுக்கியும் வைத்துவிட்டார்.

இவர் வாசலில். கையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது.

வாப்பா: "வெறுஞ்சோறு மகன், தொண்ட விக்கும். இரிங்க."

எனக்கு உயிரே போய்விட்டது. இவர் சஹனைப் பார்த்தார், வாப்பாவைப் பார்த்தார். பிறகு சிரித்தார். கண்ணில் நீர் வருமட்டும் சிரித்தார். சிரித்தபடியே சஹனடியில் உட்கார்ந்து கையை விட்டார். கரண்டியைத் தேடவில்லை. ரிஸானா அவர் மடியோடு ஒட்டிக்கொண்டாள்.

"ஆணம் நல்லாரிக்கி எண்டு மாமிட்டச் சொல்லு."

கதவுக்குப் பின்னால் உம்மா: "கேட்டிச்சி, கேட்டிச்சி."

பின்னேரம் கத்தியைக் கழுவித் துடைத்து, எங்கள் மீன் கத்திக்குப் பக்கத்தில் செருகினார். "இது இனி இஞ்சயே கிடக்கட்டும் புள்ள."

அல்ஹம்துலில்லாஹ். வேறென்ன கேட்க? ஒரே இருப்பில் இரண்டு சட்டையும் தைத்துவிட்டேன். பொத்தான் மட்டும் மிச்சம்.

ஆகஸ்ட் 7, சனி

காற்று விழுந்துவிட்டது. புழுக்கம். காலையிலும் சஹனில்தான் சாப்பிட்டார். இவருடைய தனித் தட்டைக் கழுவிப் பரணில் ஏற்றினேன். அப்படியே சூட்கேஸையும் ஏற்றிவிடலாம் என்று அறைக்குள் போனால், இவர் அதைத் திறந்து வைத்துச் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"வாற கிழம பயணம் புள்ள. தங்கச்சிட கூர பாதில நிக்கிதே."

"அப்ப கத்தி?"

"அங்க வேற கத்தி தருவாங்க."